தொப்புளில் ஒரே கீறலா, வயிற்றில் ஐந்து துளையா? எடை குறைப்பு ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் முன்

ஒரே கீறல் முறைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்களில், ஆய்வுகளிலும் நோயாளிகளின் அனுபவத்திலும் சந்தேகமில்லாமல் நிற்பது ஒன்றுதான்: தழும்பு தொப்புளுக்குள் மறைந்துவிடுகிறது. எடை குறைவதில் வித்தியாசம் இல்லை. சர்க்கரை கட்டுக்குள் வருவதிலும் இல்லை. வலி கொஞ்சம் குறைவு என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, இரண்டும் ஒன்றுதான் என்று வேறு சில சொல்கின்றன. ஆபரேஷன் நேரம் சற்றுக் கூடுகிறது. தொப்புள் வழியாகப் பின்னாளில் ஹெர்னியா, அதாவது தசைச் சுவரின் இடைவெளியில் குடல் பிதுங்குவது, வரும் வாய்ப்பும் கூடுகிறது. தழும்பு தெரியாமல் இருப்பதற்காகத் தொப்புளின் உறுதியில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறோம் என்பதுதான் இதன் கணக்கு. சிலருக்கு இது லாபம், பலருக்கு நஷ்டம்.

புதுச்சேரி, கடலூர் பக்கம் விசாரிக்க வருகிறவர்கள் "எத்தனை ஓட்டை போடுவாங்க?" என்பதைத்தான் முதலில் கேட்கிறார்கள். அதை மூன்றாவதாகக் கேட்க வேண்டும். உள்ளே என்ன செய்யப்போகிறார்கள் என்பது முதல் கேள்வி. எந்த மருத்துவமனையில், யார் கையால் என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகு துளையின் எண்ணிக்கையைப் பேசலாம்.

உள்ளே நடப்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஸ்லீவ் என்பதில் இரைப்பையின் வெளிவளைவுப் பக்கம் ஏறக்குறைய முக்கால் பங்கை ஸ்டேப்ளரால் வெட்டி வெளியே எடுத்துவிடுவார்கள். வாழைக்காய் வடிவில் ஒரு குழாய் மிஞ்சும். பைபாஸில் மேலே ஒரு சிறிய பையைப் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைத்துத் தைப்பார்கள். நெஞ்செரிச்சல் கடுமையாக இருப்பவருக்கும், இரைப்பையின் மேற்பகுதி உதரவிதானத்தைத் தாண்டி மார்புக்குள் ஏறியிருப்பவருக்கும் ஸ்லீவ் ஒத்துவராமல் போகலாம். எரிச்சல் இன்னும் மோசமாகி, சில வருடத்தில் பைபாஸாக மாற்ற வேண்டிவரும். ஆகவே ஆபரேஷனுக்கு முன் எண்டோஸ்கோபி செய்யாமல் "ஸ்லீவ் போதும்" என்று சொல்லும் இடத்தில் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. ஒரே கீறலில் பெரும்பாலும் நடப்பது ஸ்லீவ்தான். பைபாஸையும் அப்படிச் செய்யும் கைகள் உண்டு. ஆனால் உள்ளே தையல் போட வேண்டிய வேலை அதில் அதிகம் என்பதால் சிரமமும் அதிகம்.

வழக்கமான லேப்ராஸ்கோபியில் மேல்வயிற்றில் நான்கிலிருந்து ஆறு துளைகள், பொதுவாக ஐந்து. பாதி 5 மில்லிமீட்டர், மீதி 12 அல்லது 15 மில்லிமீட்டர். கேமராவுக்கு ஒன்று, கல்லீரலைத் தூக்கிப் பிடிக்க மார்பெலும்புக்குக் கீழே ஒன்று, இரண்டு கைக்கும் உதவியாளருக்கும் மற்றவை. கருவிகள் தள்ளித்தள்ளி நுழைவதால் உள்ளே முக்கோணமாகச் சந்திக்கும். இழுத்துப் பிடிக்கவும் வெட்டவும் அந்தக் கோணம் வேண்டும்.

ஒரே கீறலில் தொப்புளுக்குள்ளோ அதன் ஓரத்திலோ 2.5 முதல் 4 செ.மீ. வரை கீறி, பல வாயுள்ள மென்மையான ஒரு போர்ட்டைப் பொருத்துவார்கள். கேமராவும் கருவிகளும் அந்த ஒரே வாசல் வழியாகப் போக வேண்டும். ஒரே வளையலுக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு பூக் கட்டுவது போன்ற வேலை. கருவிகள் ஒன்றோடொன்று இடிக்கும், கோணம் கிடைக்காது. வளைந்த கருவிகளும் நீளமான கேமராவும் இந்தச் சிக்கலைக் குறைக்கும், தீர்த்துவிடாது. கல்லீரலைத் தூக்க உள்ளிருந்தே தையல் நூலால் கட்டித் தொங்கவிடுவார்கள், அல்லது 2-3 மில்லிமீட்டர் ஊசி போன்ற ஒரு கம்பியை மேலே தனியாகக் குத்துவார்கள். அந்த ஊசித்துளையைக் கணக்கில் சேர்க்காமலே "ஒரே கீறல்" என்று சொல்வது வழக்கம். அதில் ஏமாற்று இல்லை, ஆனால் தெரிந்துகொண்டு போவது நல்லது.

எல்லா உடம்புக்கும் இது ஒத்துவராது. முதலில் தொப்புள் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மல்லாந்து படுத்துக்கொண்டு, நடு மார்பெலும்பின் கீழ்நுனியிலிருந்து தொப்புள் வரை தையல்கடை டேப்பால் அளந்து பாருங்கள். 20 செ.மீ.க்குள் இருந்தால் பெரும்பாலும் வசதி. 25-ஐத் தாண்டினால், ஸ்டேப்ளர் வேலை செய்ய வேண்டிய உச்சி மூலைக்குத் தொப்புளிலிருந்து கருவி எட்டாது, எட்டினாலும் நுனியில் பலம் இருக்காது. வயிறு தொங்கத் தொடங்கியவர்களுக்குத் தொப்புளும் கூடவே கீழிறங்கியிருக்கும் என்பதை மறக்கக் கூடாது. உயரம் குறைந்தவர்கூட இந்த அளவில் தோற்றுப்போவது அதனால்தான். அந்த உச்சி மூலை, அதாவது உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தின் இடப்பக்கம்தான் ஸ்லீவில் ஸ்டேப்ளர் போட்ட வரியிலிருந்து கசிவு அதிகம் வரும் இடம். கை எட்டாத மூலையும் கசியும் மூலையும் ஒன்றே என்பதால் இந்த அளவை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்தது எடை. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்ணான பி.எம்.ஐ. 50-ஐத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலான அறுவை மருத்துவர்கள் ஒரே கீறலைத் தவிர்க்கிறார்கள். 160 செ.மீ. உயரமும் 95 கிலோவும் உள்ள ஒருவரின் பி.எம்.ஐ. 37, அதே உயரத்தில் 128 கிலோ என்றால் 50. மூன்றாவது, கல்லீரல் கொழுப்பு. இடது மடல் வீங்கி இரைப்பையின் மேல் படுத்திருந்தால் நூல் கட்டித் தூக்குவது நடக்காது. ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம் 800 முதல் 1000 கலோரிக்குள், சோறும் சர்க்கரையும் குறைத்துப் புரதம் கூட்டி உண்ணச் சொல்வது இந்த மடலைச் சுருக்கத்தான். "அப்புறம் சாப்பிட முடியாதே" என்று அந்த இரண்டு வாரத்தில் உறவினர் வீடு வீடாக விருந்து சாப்பிட்டுவிட்டு வருபவருக்கு, ஒரே கீறல் என்று தொடங்கிய ஆபரேஷன் மேசையிலேயே ஐந்து துளையாக மாறும். இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் அந்த உணவைத் தொடங்கும் நாளிலேயே மருந்தின் அளவைக் குறைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும்.

பழைய தழும்புகள் நான்காவது. நம் பக்கத்துப் பெண்கள் பலருக்குப் பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடு செய்த கீறல் தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கும். அதுவே பெரிய தடை அல்ல. ஆனால் அங்கே குடல் ஒட்டியிருக்கலாம், சிறு ஹெர்னியா ஏற்கெனவே இருக்கலாம். இருமினால் தொப்புள் புடைக்கிறதா என்று நின்றுகொண்டும் படுத்துக்கொண்டும் பார்க்கச் சொல்லுங்கள். புடைத்தால், எந்த முறையைத் தேர்ந்தாலும் தொப்புளைச் சரிசெய்வது பற்றித் தனியாகப் பேச வேண்டிவரும்.

ஆபரேஷன் முடிந்த முதல் இரண்டு நாளில் இரண்டு முறைக்கும் அனுபவம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. பலரும் எதிர்பாராதது தோள்பட்டை வலி. வயிற்றை உப்பவைக்கச் செலுத்திய கரியமில வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது அது. நடந்தால் குறையும், இரண்டு மூன்று நாளில் போய்விடும். குமட்டலும் நுரை நுரையாக எச்சில் வருவதும் ஸ்லீவின் சுபாவம். துளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வித்தியாசம் தெரியும் இடம், படுக்கையிலிருந்து எழும்போது. ஐந்து துளைக்காரருக்கு மேல்வயிற்றில், முக்கியமாக இரைப்பைத் துண்டை வெளியே எடுத்த பெரிய துளையில், ஒரு பக்கமாக இழுக்கும். ஒரே கீறல்காரருக்கு நடுவில் தொப்புளில் இழுக்கும். எழும்போது நேராக எழாமல் ஒருக்களித்து, முழங்கையை ஊன்றிக் காலைத் தொங்கவிட்டு எழுவது இருவருக்கும் பொது. இருமல் வந்தால் சிறு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒரே கீறலின் தனித் தொல்லைகள். பாவாடை நாடா கட்டும் இடமும் வேட்டி முடிச்சு விழும் இடமும் காயம் இருக்கும் இடமும் ஒன்று. மூன்று நான்கு வாரம் நைட்டியோ இடுப்பில் இறுகாத தளர்ந்த பைஜாமாவோதான் உடுத்த வேண்டும். புடவை கட்டி வேலைக்குப் போகிற ஆசிரியையோ வங்கி ஊழியரோ விடுப்புக் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்வது நல்லது. இரண்டாவது ஈரம். கடலோர ஊரின் புழுக்கத்தில் குழிந்த தொப்புள் காய்வதே இல்லை. குளித்த பின் சுத்தமான துணியின் நுனியால் ஒற்றி எடுத்து, மின்விசிறிக் காற்றில் பத்து நிமிடம் திறந்து வைக்க வேண்டும். மஞ்சள், தேங்காய் எண்ணெய், விபூதி எதுவும் உள்ளே போகக் கூடாது. தெளிவான நீர் கொஞ்சம் கசிந்தால் பெரும்பாலும் அடியில் கட்டிய நிணநீர், தானே வற்றும், ஆனாலும் காட்டிவிடுங்கள். சீழ், நாற்றம், சுற்றிலும் சிவந்து சூடாவது என்றால் அன்றே போக வேண்டும். தொப்புளில் தொற்று வந்தால் உள்ளே போட்ட தையல் பிடிமானம் இழக்கும். ஹெர்னியாவுக்கு அது நேர்வழி.

இந்த ஹெர்னியாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் ஒரே கீறலில் வருத்தப்படுபவர்கள் பெரும்பாலும் இதற்காகத்தான் வருத்தப்படுகிறார்கள். வயிற்றுச் சுவரில் தொப்புள் பிறவியிலேயே பலவீனமான இடம். 12 மில்லிமீட்டர் துளையைச் சாய்வாகக் குத்தினால் தசை நார்கள் விலகிக் கொடுத்துப் பிறகு மூடிக்கொள்ளும், 3 செ.மீ. கீறலை நேரே வெட்டித்தான் ஆக வேண்டும், தையலால்தான் மூட வேண்டும். அந்தத் தையல் கண்ணால் பார்த்து, மெதுவாகக் கரையும் கனமான நூலால், கொழுப்பைச் சேர்க்காமல் தசை உறையை மட்டும் பிடித்துப் போட்டதாக இருக்க வேண்டும். பிறகு வருவது நோயாளியின் பங்கு. வெளியே ஒன்றும் தெரியாததால் வீட்டில் யாரும் இதைப் பெரிய ஆபரேஷனாக நினைப்பதில்லை, நோயாளியே நினைப்பதில்லை. பத்தாம் நாள் தண்ணீர் தூக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஆறு வாரத்துக்கு 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. 20 லிட்டர் தண்ணீர் கேன் 20 கிலோ. நிரம்பிய சமையல் எரிவாயு சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ. ஒரு வயதுக் குழந்தைகூட 9-10 கிலோ இருக்கும். உட்கார்ந்துகொண்டு மடியில் ஏற்றிக்கொள்ளலாம், குனிந்து தூக்கக் கூடாது. தண்ணீரும் நார்ச்சத்தும் குறைந்ததால் வரும் மலச்சிக்கல், புகைப்பவரின் இருமல், கட்டுப்படாத சர்க்கரை ஆகிய மூன்றும் தையலை உள்ளிருந்து இழுக்கும். புகைப்பவர் ஆறு வாரத்துக்கு முன்பே நிறுத்தியாக வேண்டும், முடியாதென்றால் ஒரே கீறலைக் கேட்கவே வேண்டாம். மீன்பிடி, கட்டட வேலை, மூட்டை தூக்குதல் என்று உடல் உழைப்பில் இருப்பவர்களுக்கும் எங்கள் பரிந்துரை ஐந்து துளைதான்.

தழும்புக்கு வருவோம். இதை வெறும் அழகு ஆசை என்று தள்ளிவிட முடியாது. கல்யாணம் ஆகாத இளைஞர்கள், வெளியில் சொல்ல விரும்பாதவர்கள், கறுத்துத் தடித்த தழும்பு வரும் தோல் உள்ளவர்கள் இதைத் தேடி வருவதில் நியாயம் இருக்கிறது. நன்றாக ஆறினால் ஒரு வருடம் கழித்து மருத்துவரே தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கும். திருப்தியைக் கேட்ட ஆய்வுகளிலும் ஒரே கீறல் இந்த ஒரு கேள்வியில் முன்னே நிற்கிறது. ஆனால் 40 கிலோவுக்கு மேல் இறங்கப்போகிறவர் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அவ்வளவு இறங்கினால் வயிற்றுத் தோல் தொங்கும். அதை வெட்டிச் சரிசெய்யும் ஆபரேஷனுக்குப் பின்னாளில் போனால், அடிவயிற்றில் இடுப்பெலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை ஒரு நீண்ட தழும்பு வரும், தொப்புளையே புதிதாக வைத்துத் தைப்பார்கள். அப்படிப்பட்டவருக்கு இன்று தொப்புளில் ஒளித்துவைத்த தழும்பால் என்ன பயன்? தழும்பின் லாபம் முழுதாகக் கிடைப்பது பி.எம்.ஐ. 32-லிருந்து 40 வரை உள்ள, வயிறு அதிகம் தொங்காத, இளம் வயதினருக்கு.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் விசாரிப்பதில்லை. தொப்புளில் 12 அல்லது 15 மில்லிமீட்டர் துளை ஒன்று, இடப்பக்கம் 5 மில்லிமீட்டர் ஒன்றோ இரண்டோ, கல்லீரலுக்கு ஊசிக்கம்பி. மொத்தம் மூன்று அல்லது நான்கு. கோணம் கிடைக்கிறது. தொப்புளைப் பெரிதாக வெட்ட வேண்டியதில்லை. 5 மில்லிமீட்டர் தழும்பு அம்மைத் தழும்பு அளவுக்கு மங்கிவிடும். தழும்பு குறைவாக வேண்டும், ஆனால் அளவு டேப்பில் 22 செ.மீ. காட்டுகிறது என்றால் இதைக் கேட்டுப் பாருங்கள். எங்கள் கணிப்பில், ஒரே கீறல் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் உண்மையில் பொருந்துவது இந்த நடு வழிதான்.

எந்த வழியாக இருந்தாலும் ஒப்புதல் படிவத்தில் "தேவைப்பட்டால் கூடுதல் துளைகள் போடவும், வயிற்றைத் திறக்கவும் சம்மதம்" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். "எப்படியாவது ஒண்ணுலயே முடிச்சிடுங்க டாக்டர்" என்று வற்புறுத்துவது உங்களுக்கே எதிராக முடியும். ரத்தம் கசிந்தாலும் மண்ணீரல் ஓரம் தெரியாவிட்டாலும் இன்னொரு துளையைத் தயங்காமல் போடுகிற மருத்துவர்தான் உங்களுக்கு வேண்டும். இதைத் தோல்வியாகக் கணக்கிடாத மருத்துவரைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: "ஒரே கீறல்னு ஆரம்பிச்சு எத்தனை பேருக்குத் துளை கூட்ட வேண்டி வந்துது?" ஒருவருக்குக்கூட இல்லை என்பது நம்பிக்கை தரும் பதில் அல்ல.

எங்கே என்ற கேள்வி. புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது, தனியார் மருத்துவக் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் இருக்கின்றன. கடலூரிலிருந்து 25 கிலோமீட்டர் அளவில். சென்னை என்றால் புதுச்சேரியிலிருந்து 150, கடலூரிலிருந்து 180 கிலோமீட்டர் அளவில். சென்னையில் ஒரே கீறலில் பழகிய கைகள் அதிகம் என்பது உண்மை. ஆனால் கசிவு தெரியவரும் காலம் பெரும்பாலும் முதல் இரண்டு வாரம், அதாவது டிஸ்சார்ஜ் ஆகி வீட்டில் இருக்கும்போது. பண்ருட்டியிலோ நெய்வேலியிலோ இரவு பதினொரு மணிக்குக் காய்ச்சலும் படபடப்பும் வந்தால் சென்னைக்கு மூன்று நான்கு மணி நேரம். சென்னையில் செய்துகொள்பவர்கள் முதல் இரண்டு வாரம் அங்கேயே உறவினர் வீட்டிலோ அறை எடுத்தோ தங்குவது நல்லது. தேதி குறிக்கும்போது வானத்தையும் பார்க்க வேண்டும். 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் என்று புயல்கள் இந்தக் கரையில்தான் ஏறின. தென்பெண்ணையில் வெள்ளம் வந்தால் கடலூரில் தெருவைத் தாண்டுவதே பாடு. தீபாவளிக்குப் பின் லீவு கிடைக்கிறது என்று நவம்பரில் தேதி வாங்காமல் ஜனவரிக்குத் தள்ளுங்கள்.

2024-இல் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னையில் தனியார் மருத்துவமனையில் எடை குறைப்பு ஆபரேஷனின்போது இறந்த செய்திக்குப் பிறகு பலரும் பயந்துபோய்க் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது துல்லியமாக இதுதான்: அதே கட்டடத்தில் வென்டிலேட்டரோடு ஐ.சி.யூ. இருக்கிறதா, இரவில் மயக்க மருத்துவர் இருப்பாரா, இரவில் சி.டி. ஸ்கேன் எடுக்க முடியுமா, ரத்த வங்கி எவ்வளவு தூரம், உங்கள் எடையைத் தாங்கும் மேசை உண்டா. குறட்டை உள்ளவருக்கு முன்கூட்டியே தூக்கப் பரிசோதனை செய்து, மூச்சுத்திணறல் இருந்தால் இரவு முகமூடிக் கருவியில் சில வாரம் பழக்க வேண்டும். எடை குறைக்கும் வார ஊசி போட்டுக்கொண்டிருப்பவர்கள் அதை மறைக்கக் கூடாது. இரைப்பை காலியாவதை அது தாமதப்படுத்தும், மயக்கத்தின்போது உணவு மேலேறி நுரையீரலுக்குள் போகலாம். பொதுவாகக் குறைந்தது ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

பணம். செலவில் பெரும்பங்கு ஸ்டேப்ளர் குண்டுகளுக்கு, அதாவது ஒவ்வொரு வெட்டுக்கும் ஸ்டேப்ளரில் புதிதாக மாட்டும் முள் தொகுப்புக்குப் போகிறது. ஒரு ஸ்லீவுக்கு 60 மில்லிமீட்டர் குண்டுகள் பொதுவாக ஐந்து அல்லது ஆறு. பேக்கேஜில் எத்தனை சேர்த்தி, கூடினால் ஒன்றுக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். ஒரே கீறலுக்கான போர்ட் ஒருமுறை மட்டும் பயன்படும் பொருள். அதன் விலை தனி. காப்பீட்டில் ஒரு சிக்கல்: மருத்துவ வழிகாட்டுதல்கள் ஆசியர்களுக்குக் குறைந்த பி.எம்.ஐ.யிலேயே ஆபரேஷனைப் பரிந்துரைக்கின்றன, ஆனால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விதியில் 40, அல்லது இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல், கட்டுப்படாத சர்க்கரை போன்றவற்றோடு 35 வேண்டும். 33-இல் இருப்பவர் மருத்துவர் சம்மதித்தாலும் கைக்காசுதான்.

சாப்பாட்டில் துளை வித்தியாசம் பார்ப்பதில்லை. முதல் நாள் 30 மில்லி தண்ணீரைக் கால் மணி நேரம் எடுத்துக் குடிக்க வேண்டும். முதல் இரண்டு வாரத்தில் வடிகட்டிய பருப்புத் தண்ணீர், காரமில்லாத ரசம், நீர் மோர், பிறகு பால், புரத மாவு. அடுத்த இரண்டு வாரம் மசித்தவை. அதற்குப் பிறகு குழைந்த இட்லி, முள் எடுத்த வேகவைத்த மீன், முட்டை. நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் என்பது இலக்கு. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம் அளவில். பாண்டிச்சேரி பன்னும் பரோட்டாவும் பந்தாகி அடைக்கும், சோடா வயிற்றை உப்பவைக்கும். மது பழைய அளவில் பாதிக்கே தலைக்கேறும், முதல் வருடம் தொடாதிருப்பது நல்லது. வைட்டமின் மாத்திரை வாழ்நாள் முழுக்க. பித்தப்பையில் கல் வராமலிருக்க ஆறு மாதம் ஒரு மாத்திரை தருவார்கள், விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, வீட்டுக்கதவில் ஒட்டிவைக்க வேண்டியது. நாடித்துடிப்பு ஓய்வில் 120-ஐத் தாண்டினால், காய்ச்சல் வந்தால், இடது தோள் வலி குறையாமல் கூடினால், மூச்சு வாங்கினால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினால், காலைக்குக் காத்திருக்க வேண்டாம். ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போன் செய்துகொண்டே கிளம்புங்கள். தூரமென்றால் பக்கத்திலுள்ள பெரிய மருத்துவமனைக்கு, டிஸ்சார்ஜ் சுருக்கத்தோடு. அதில் எந்த ஆபரேஷன், எத்தனை துளை, எந்தத் தேதி என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். தொப்புளில் ஒரு தழும்பை மட்டும் பார்க்கும் இரவுப் பணி மருத்துவர் இதைக் குடல்வால் கேஸ் என்றே நினைக்கக்கூடும். ஒரு வாரமாக வாந்தி நிற்காமல் போனவருக்கு இன்னொன்றையும் உடன் வருபவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவதற்கு முன் தயமின் ஊசி போட வேண்டும். வாந்தியில் அந்த வைட்டமின் தீர்ந்துபோன உடம்பில் குளுக்கோஸ் முதலில் ஏறினால் மூளை பாதிக்கப்படலாம்.